இரண்டு பேர் கார்டு

கிடங்கில் தானியம் இருந்த காலத்தில் எலி இருந்ததாம். இப்போது மனிதர்கள் இருக்கிறார்கள், எலி இல்லை. "வந்து என்னத்தைத் தின்னும்?" என்று சலூன்காரர் கேட்பார். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார். எல்லையைத் தாண்டி வரும்போது ஒரு கத்தரிக்கோல், ஒரு சீப்பு, இந்த வாய், மூன்றைத்தான் அவரால் காப்பாற்றிக் கொண்டுவர முடிந்தது.

பெரிய கிடங்கு. மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தரை. தரையில் சுண்ணாம்புக் கோடு கிழித்து ஒன்பதடிக்கு ஏழடியாகப் பிரித்திருந்தார்கள். அதற்குக் 'கட்டம்' என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது, எல்லோர் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. ஒரு கார்டுக்கு ஒரு கட்டம். ஒரு வாளி, ஒரு போர்வைக் கட்டு, சோப்பு, காலையில் ரொட்டி, மத்தியானம் பருப்புக் கஞ்சி. நிவாரணத்துக்கு வந்தவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், நல்லவர்கள்தான். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே மட்டும் சுவர் கிடையாது. பிரித்த சாக்குகளைச் சேர்த்துத் தைத்துக் கயிற்றில் தொங்கவிட்ட படுதா. அதில் பாதிக்கு மேல் பெரியவள் தைத்தது.

பெரியவள் என்றால் ஒன்பதாவது வரிசைப் பெரியவள். வயது நாற்பத்து மூன்றுதான், ஆனாலும் வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால் அந்தப் பெயர் எல்லை தாண்டியும் கூடவே வந்துவிட்டது. அவளுடைய புருஷன் கட்டட வேலைக்காரன். சாரம் சரிந்து விழுந்து போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, அவளும் போகவில்லை. கொழுந்தன், அவன் பெண்டாட்டி சின்னவள், அவர்களுக்கு வரிசையாகப் பிறந்த மூன்று பிள்ளைகள், இதுதான் வீடு. பகலில் தானிய மண்டியில் சாக்கு தைத்தாள். இருபது வருஷம் கோணி ஊசி பிடித்த கை. கட்டைவிரல் ஓரத்தில் தோல் தடித்துப் போய் அங்கே கிள்ளினாலும் அவளுக்கு உறைக்காது.

சண்டை ஊருக்குள் வந்த அன்று கொழுந்தன், "நீங்க முன்னாடி போங்க அண்ணி, மாட்டை அவுத்து விட்டுட்டு பின்னாடியே வந்துடறேன்" என்றான். நாலு மாசம் ஆகிறது. அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை போலிருக்கிறது. சின்னவளுக்கு முன்னால் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. புதிதாக ஆட்கள் வந்து இறங்கும் நாளில் மட்டும் அவள் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். பிறகு வந்து ரொட்டி வரிசையில் நிற்பாள்.

இனி அந்தக் கார்டு விஷயத்துக்கு வருவோம். வம்பெல்லாம் அங்கேதான் முளைத்தது.

வந்து சேர்ந்த முதல் நாள் பதிவு மேசை முன்னால் வரிசையில் நின்றார்கள். சின்னவளுக்கு உடம்பு அனலாகக் காய்ந்தது. ஆனாலும் காது கேட்டது. முன்னால் நின்ற சலூன்காரர் பெண்டாட்டி திரும்பி விசாரித்தாள்.

"இவங்க உனக்கு யாரும்மா?"

"ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட அண்ணி."

"அய்யய்யோ, அப்படிச் சொல்லிடாத. புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க, பெத்தவங்க, அவ்வளவுதான் இவங்களுக்குக் குடும்பம். அண்ணி, ஓரகத்தி எல்லாம் சேத்தியில்ல. தனி ஆள்னு எழுதி அந்தக் கோடியில தனிப் பொம்பளைங்க கூடத்துல கொண்டுபோய்ப் படுக்க வெச்சிடுவாங்க. இங்கிருந்து அங்க போகவே கால் மணி நேரம்."

"அப்ப என்ன பண்றது?"

"உனக்குத்தான் மூணு இருக்கே. ஒண்ணை அவங்க பேர்ல போடு. ரெண்டு பேர்னா ஒரு கார்டு, ஒரு கட்டம். பக்கத்துப் பக்கத்துல இருந்துக்கலாம். ரெண்டு வாளியும் ஆச்சு."

பிள்ளைகளில் மூத்தவளுக்கு எட்டு வயது. பொய் சொல்லச் சொன்னால், "அது பொய்யாச்சே" என்று கூட்டத்தில் உரக்கக் கேட்கும் ஜாதி. கடைக்குட்டி பால் குடிக்கிறது. மிச்சம் நடுவிலது, மிளகு. பார்க்கச் சின்னது, கடித்தால் தெரியும் காரம் என்று கொழுந்தன் வைத்த பெயர். நாலு வயது. பெரியவள் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனாள். பதிவுக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பிள்ளைங்க?" என்றார்.

"ஒண்ணுங்க" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டுப் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பயம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அன்று சாயங்காலமே பெரியவள் மிளகுக்குப் பாடம் ஆரம்பித்தாள். சட்டைமேல் கையில்லாத மேல்சட்டை போட்ட நிவாரண ஆட்கள் யார் வந்து கேட்டாலும் பெரியம்மாவைத்தான் அம்மா என்று சொல்ல வேண்டும்.

"சிரிச்சுக்கிட்டு கேட்டா?"

"அப்பவும் அம்மாதான்."

"பிஸ்கட் குடுத்துக் கேட்டா?"

"வாங்கித் தின்னுட்டு அம்மான்னு சொல்லு."

"நீயே கேட்டா?"

"நானே வந்து மாத்திக் கேட்டாலும் மாத்தக் கூடாது. புரியுதா?"

மிளகுக்கு நன்றாகவே புரிந்தது. சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே செய்தது. மாசத்துக்கு இரண்டு முறை கார்டு சரிபார்க்கும்போது பெரியவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கால் வலிக்குது" என்று அதுவாகவே ஒரு வார்த்தை சேர்த்துப் போடும். சலூன்காரர் பார்த்துவிட்டு, "இதை நாடகக் கம்பெனியில சேத்திருந்தா நாமெல்லாம் இப்படி வரிசையில நிக்க வேண்டாம்" என்பார்.

நாளாக நாளாக ஆள் இல்லாத நேரத்திலும் அது சில சமயம் அம்மா என்று கூப்பிட்டது. சின்னவள் ஒருபக்கம் கைப்பிள்ளையோடு மல்லாடும்போது தலை வாரிவிட, காது கழுவிவிட, இருமினால் மருந்து மேசைக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் பெரியவள்தானே? பெரியவள் திருத்தவில்லை. திருத்தியிருக்கலாம். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டு இன்னொரு முறை கூப்பிடுகிறதா என்று காத்திருந்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பூசி மெழுகுவானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் கிடங்கின் தரை ஈரம் கோக்க ஆரம்பித்தது. காலையில் போர்வையைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்று சொல்லுமளவுக்கு. மிளகுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு விடும்போது உள்ளே விசில் ஊதியது. நர்ஸம்மா மருந்து கொடுத்தாள். கூடவே, "மருந்து வேலை செய்யும், ஆனா இந்த ஈரத்துல படுத்தா நாளைக்குத் திரும்பவும் வரும்" என்றும் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு முற்பகலில் ஒலிபெருக்கியோடு ஆள் வந்தான். பெரியவள் கிழிந்த படுதா ஒன்றை மடியில் போட்டு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். புது இடம் கட்டி முடிந்திருக்கிறது, பஸ்ஸில் இரண்டு நாள் பயணம், செங்கல் சுவர், தாழ்ப்பாள் வைத்த கதவு, தையல் தெரிந்த பெண்களுக்கு வேலையும் உண்டு என்றான். இதுவரைக்கும் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு சொன்னான்: "இப்ப முடிஞ்சிருக்கிறது சின்ன அறைங்க மட்டும்தான். அதனால ரெண்டு பேர் இருக்கிற கார்டுங்க முதல்ல போறாங்க. நாளை மறுநாள் காலைல பஸ்."

எண்களை வாசித்தான். பெரியவளின் எண் நாலாவதாக வந்தது.

"பெரிய குடும்பங்க எப்பங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"கட்டி முடிஞ்சதும்."

"அதே இடத்துக்கா?"

"அது எனக்குத் தெரியாது. வேற இடத்துலயும் கட்டறாங்க."

பெரியவளுக்கு ஊசி கையிலேயே நின்றுவிட்டது. கார்டில் இருக்கிறவர்கள் பஸ் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கார்டு காலாவதி. பொய்க் கார்டு என்று தெரிந்தாலோ இரண்டு கார்டும் போகும். செத்துப்போன அப்பாவை உயிரோடு இருப்பதாக எழுதி ஒரு போர்வை அதிகம் வாங்கிய சலூன்காரருக்குப் பதினொரு நாள் ரேஷன் நிறுத்தினார்கள். பக்கத்துக் கட்டத்துக்காரர்கள் ஆளுக்குக் கால் ரொட்டி பிய்த்துக் கொடுத்துத்தான் அவர் குடும்பம் பிழைத்தது. "எங்கப்பன் உயிரோட இருந்தப்ப போட்ட பட்டினியைவிட செத்தப்புறம் போட்டதுதான் அதிகம்" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரியவர்களுக்கு அது சரி. பால் கொடுக்கிறவள் பதினொரு நாள் எப்படி இருப்பாள்?

மத்தியானக் கஞ்சி முடிந்ததும் சின்னவள் படுதாவைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். கைப்பிள்ளை தோளில் தூங்கியது.

"என்னக்கா பண்றது?"

"அதான் பாக்கறேன்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? கூட்டிட்டுப் போங்க."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் யோசிச்சுட்டேன்கா. அங்க சுவர் இருக்கு. தரை காஞ்சு கிடக்கும். இவ நெஞ்சு எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? நேத்து தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. எனக்கு உசிரே போயிடுச்சு."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். உங்ககிட்ட குடுக்கறதுக்கு நான் ஏன் பயப்படணும்? என்னைவிட நீங்கதான் அவளை நல்லாப் பாத்துக்கறீங்க. கார்டுலயும் நீங்கதான் அம்மா."

"கார்டு கிடக்குதுடி. நீங்க அங்க வராம வேற எங்கயாவது அனுப்பிட்டாங்கன்னா?"

"வருவோம். கேட்டு வாங்கிட்டு வருவோம்."

"யாரைக் கேப்ப? கொழுந்தன் வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

சின்னவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள். "உசிரோட இருக்குதுன்னு சொல்லுவேன்" என்றாள். "அவருக்கு அது போதும்கா."

சின்னவள் சொல்வதில் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். நியாயத்தோடு நியாயமாக அவளுடைய ஆசையும் ஒட்டிக்கொண்டு வந்தது. தாழ்ப்பாள் வைத்த கதவு. உள்ளே இரண்டு பேர். இவள் தையலுக்குப் போய்விட்டு வந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடிவர ஒரு ஆள். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அங்கே இவள் பெரியம்மா இல்லை. நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு நினைப்பு வருகிறதே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் எழுந்து போய் மிளகின் இரண்டு சட்டை, ஒரு கம்பளித் தொப்பி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு துணியில் வைத்து முடிந்தாள். முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

மறுநாள் காலையில் படுதாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கடைசி ஒட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். போகிறதுக்கு முன்னால் எடுத்த வேலையை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது மண்டிப் பழக்கம். அந்தப் பக்கம் சின்னவள் மிளகுக்குத் தலை வாரினாள். சாக்குத் துணி என்ன கல்லா, மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

"இனிமே யாரு உனக்கு அம்மா?"

"பெரியம்மா."

"பெரியம்மான்னு சொல்லக் கூடாது. அம்மா. பஸ்ல கேப்பாங்க, அங்க போயும் கேப்பாங்க."

"சரி."

"நாளைக்கு பஸ்ஸாண்ட நானும் வருவேன். அப்ப என்னை என்னன்னு கூப்பிடுவ?"

மிளகு யோசித்தது. "அம்மான்னு கூப்பிட்டா?"

"கூடாதுடா தங்கம். ரெண்டு அம்மா இருந்தா பிடிச்சுக்குவாங்க. என்னைச் சித்தின்னு கூப்பிடு. எங்க, கூப்பிடு பாக்கலாம்."

"சித்தி."

"இன்னொரு தடவை."

"சித்தி! சித்தி! சித்தி!" மிளகு குதித்தது. புது விளையாட்டு அதற்கு. மூத்தவள் பக்கத்திலிருந்து, "ஏய், அது நம்ம அம்மாடி" என்றாள். "நீ சும்மா இரு" என்றாள் சின்னவள். பிறகு வாளி எடுக்கும் சத்தம் கேட்டது. "தண்ணி பிடிச்சுட்டு வரேன்" என்று போனாள்.

போனவள் வரவில்லை. கைப்பிள்ளை எழுந்து சிணுங்க ஆரம்பித்தது. பெரியவள் ஊசியைப் படுதாவில் குத்தி வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தாள். குழாயடியில் வாளி நிரம்பி வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் குழாயை மூடாமல் சுவரைப் பார்த்து நின்றாள். முந்தானையை உருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் குலுங்கியது. பின்னால் நின்ற பெண்கள் ஒன்றும் கேட்காமல் அவரவர் வாளியோடு காத்திருந்தார்கள்.

பெரியவள் அவள் பக்கத்தில் போகவில்லை. அப்படியே திரும்பிக் கட்டத்துக்கு வந்தாள். அடிப்பாவி, எனக்கென்று ஒரு அறையும் ஒரு பிள்ளையும் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று தன்னையே வைதுகொண்டாள். முடிச்சை அவிழ்த்தாள். சட்டைகளை அந்தப் பக்கம் மூத்தவளிடம் நீட்டி, "உங்க பெட்டியில வை" என்றாள். கார்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மிளகின் கையைப் பிடித்தாள்.

"எங்க போறோம்?"

"மேசைக்கு."

"நான் நல்லாச் சொல்லுவேன்" என்றது மிளகு.

பதிவு மேசை கிடங்கு வாசலில் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே இருந்தது. பதிவுக்காரர் கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தார். மழைச்சாரல் படாமல் பதிவேடுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார். பெரியவளைப் பார்த்ததும், "நாளைக்குக் கிளம்பறீங்க இல்ல? நல்ல இடம்மா" என்றார். வரும் பிள்ளைகளுக்கெல்லாம் டிராயரிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுக்கிற மனிதர். அப்படிப்பட்டவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஐயா, கார்டுல ஒரு தப்பு இருக்குங்க."

"என்ன தப்பு?"

"தப்பு என்னுது. இந்தப் பிள்ளை என் பிள்ளை இல்லீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என் ஓரகத்தி பிள்ளை. ஒன்பதாவது வரிசை, பக்கத்துக் கட்டம். நாங்க வந்த அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல், நினைவே இல்ல. நான்தான் என் கார்டுல எழுதச் சொல்லிட்டேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. என் கார்டை எடுத்துக்குங்க. பிள்ளை பேரை மட்டும் அவ கார்டுல சேத்துடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

பதிவுக்காரர் பதிவேட்டைப் பிரித்தார். விரலை வைத்துத் தேடினார். முகம் மெல்ல மாறியது.

"நாலு மாசம். எட்டுத் தடவை வந்து மகள்னு கைநாட்டு வெச்சிருக்கீங்க. மருந்துச் சீட்டுல தாய்ன்னு உங்க பேரு. பால் பவுடர் வாங்கினது நீங்க. தடுப்பூசிக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. இப்ப பஸ் வந்ததும் மகள் இல்லையா?"

"நிஜமாத்தாங்க சொல்றேன்."

"போன வாரம் ஒருத்தன் இப்படித்தான் வந்தான். பெத்த அப்பனைக் கொண்டாந்து நிறுத்தி, யாருன்னே தெரியாதுங்கறான். புது இடத்துக்குப் போறப்ப பாரமா இருக்காம்." அவருக்குக் குரல் உயர்ந்தது. "உனக்கு எப்படிம்மா மனசு வருது? அதுக்கு நெஞ்சுல சளின்னு நர்ஸ் எழுதி வெச்சிருக்காங்க. நோயாளிப் பிள்ளைன்னுதானே உதறிட்டுப் போகப் பாக்கற?"

வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். "பெத்ததையா விட்டுட்டுப் போறா?" என்றாள் ஒருத்தி. "தாயா இது, பேய்" என்றாள் இன்னொருத்தி. வாழ்நாளில் ஊரார் வாயால் பெரியவள் தன்னைத் தாய் என்று சொல்லிக் கேட்டது அப்போதுதான். அதுவும் இப்படி.

பதிவுக்காரர் மிளகைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இங்க வா பாப்பா. பயப்படாத. இவங்க உனக்கு யாரு?"

"அம்மா" என்றது மிளகு, பளிச்சென்று.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"எங்கம்மா."

சொல்லிவிட்டுப் பெரியவளைத் திரும்பிப் பார்த்தது. சரியாகச் சொன்னேனா என்று முகம் முழுக்கச் சிரிப்பு.

"மிளகு, இப்ப நிஜத்தைச் சொல்லு. உங்கம்மா எங்க இருக்காங்க?" என்றாள் பெரியவள்.

மிளகுக்கு இதெல்லாம் தெரியாதா? மாற்றிக் கேட்டாலும் மாற்றக் கூடாது. அது ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நீதான் அம்மா" என்றது. முந்தானையை எட்டிப் பிடித்துக்கொண்டது. "அம்மா, கால் வலிக்குது" என்று அதையும் சேர்த்துச் சொன்னது.

வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். "பிள்ளை பொய் சொல்லுமா?" என்றார் பதிவுக்காரர். "போம்மா. நாளைக்கு இந்தப் பிள்ளையோட பஸ்ல ஏறு. இல்லேன்னா மேல சொல்ல வேண்டி வரும்."

போ என்று சொல்லிவிட்டார். போயிருக்கலாம். பிள்ளையோடு போ என்று அரசாங்கமே சொன்னபிறகு அவள் மேல் என்ன பழி? சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை என்று சின்னவளிடம் சொன்னால் அவளும் நம்புவாள். பெரியவளுக்கு அந்த யோசனை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். மிளகின் கை அவள் துணியில் சூடாக இருந்தது.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"நான் உங்கம்மா இல்லடி."

மிளகு சிரித்தது.

"சிரிக்காத. விளையாட்டு முடிஞ்சு போச்சு. நான் உங்கம்மா இல்ல. எனக்குப் பிள்ளையே கிடையாது."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "நீதானே சொல்லச் சொன்ன?"

"பொய் சொல்லச் சொன்னேன்."

"அப்ப நீ பொய்யா?"

"ஆமா. நான் பொய்." பெரியவளுக்குக் குரல் கிறீச்சிட்டது. இத்தனை நாளில் அந்தப் பிள்ளையிடம் ஒருமுறைகூடச் சத்தம் போட்டதில்லை. "என்னை இனிமே அப்படிக் கூப்பிடாத. கூப்பிட்டா அடிப்பேன். போ!"

மிளகு திரும்பவும் முந்தானையைப் பிடிக்க வந்தது. பெரியவள் கையைத் தட்டிவிட்டாள்.

பிள்ளைக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நெஞ்சுக்குள் விசில் மட்டும் ஊதியது. பிறகு வீல் என்று ஒரு அழுகை. பெரியவளைப் பார்த்து அழவில்லை. திரும்பிக்கொண்டு ஓடியது. "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே கிடங்குக்குள் ஓடியது. வாளிகளுக்கு நடுவே புகுந்து, படுதாக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, எண் எதுவும் பார்க்காமல் ஓடியது. பதிவுக்காரர் எழுந்தார். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரியவள் எட்டிப் பார்க்கவில்லை. அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மடியில விழுந்து முகத்தைப் புதைச்சுக்கிட்டு, யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குது" என்றார். "அந்தப் பொண்ணு அதை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்கு. என்னைப் பாத்ததும், 'நான் சித்திங்க ஐயா, சித்திங்க'ங்குது. கண்ணுல தண்ணி கொட்டுது, வாய் சித்திங்குது."

பெரியவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து நாலு மாசம் என் காதுல பூ சுத்தியிருக்கீங்க. சட்டப்படி ரெண்டு கார்டும் போகணும்."

"அவளுக்குக் காய்ச்சலுங்க" என்றாள் பெரியவள். "நினைவே இல்ல."

"காய்ச்சல்."

"ஆமாங்க. அனலாக் காஞ்சுது."

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். "நினைவில்லாதவங்க மேல தப்பு எழுத முடியாது" என்றார், எழுதிக்கொண்டே. "பிள்ளை பேரை அங்க சேத்தாச்சு. இப்ப நாலு பேர் கார்டு. நெஞ்சு சளின்னு பக்கத்துல போடறேன், பெரிய அறை முடிஞ்சா முதல்ல கூப்பிடுவாங்க. ஆனா உன் கார்டு போச்சு. கட்டமும் இல்ல. தனி ஆள்னு புதுசாப் பதியறேன். நாளைக்கு பஸ்ல போறதுன்னா போகலாம், அங்கயும் தனிப் பொம்பளைங்க கூடம்தான். இங்க இருக்கறதுன்னா அந்தக் கோடியில கூடம், பதினோரு நாள் ரேஷன் கிடையாது. எது?"

"இங்கயே இருந்துக்கறேன்."

"பதினோரு நாள்மா."

"காதுல விழுந்துதுங்க. இங்கயே எழுதுங்க."

அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள்.

"வயசு?"

"நாப்பத்தி மூணு."

"தொழில்?"

"சாக்கு தைப்பேன்."

"புருஷன்?"

"இல்ல."

அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. பேனா அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. கிடங்குக்குள்ளிருந்து மிளகின் அழுகை இங்கேவரைக்கும் கேட்டது.

"பிள்ளைங்க இல்லைன்னு போடுங்க" என்றாள் பெரியவள்.

அவர் எழுதினார். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே காது கொடுத்தாள். அழுகை விட்டு விட்டு வந்தது, பிறகு விக்கல் மட்டும் வந்தது, அதுவும் நின்றது. சின்னவள் மார்போடு அணைத்துத் தட்டிக்கொடுத்திருப்பாள். தாளில் எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று கேட்டு அவள் விரலை நீட்டினாள்.